செக்கிழுத்தவர் மொழிபெயர்த்த புத்தகம்

மரக்காணத்தை அடுத்த கடலோரக் கிராமம் ஒன்றின் பள்ளியில், அண்மையில் ஒரு செப்டம்பர் 5 அன்று பரிசளிப்பு விழா நடைபெற்றது. ஓய்வுபெற்ற பேராசிரியன் என்ற முறையில் என்னைத் தலைமை தாங்க அழைத்திருந்தார்கள். பள்ளியின் சுற்றுச்சுவரைத் தாண்டியதும் உப்பளங்கள் தொடங்கிவிடுகின்றன. பாத்திகளில் தேங்கிய நீர் வெயிலில் கண்ணைக் கூசச் செய்தது. வாரிக் குவித்த உப்பு அம்பாரங்களின் மீது தென்னங்கீற்று வேய்ந்திருந்தார்கள்.

பரிசாக அடுக்கி வைக்கப்பட்டிருந்த நூல்களைப் புரட்டிப் பார்த்தேன். தலைமைப் பண்பை வளர்ப்பது எப்படி, பிறர் மனத்தைக் கவர்வது எப்படி, வீழ்ந்தபின் எழுவது எப்படி என்பவையே அவற்றின் பொருள். கதையோ, கவிதையோ, வரலாறோ ஒன்றுகூட இல்லை. இன்று நம் புத்தகக் கண்காட்சிகளிலும் இத்தகைய நூல்களுக்குத்தான் முன்வரிசை இடம் கிடைக்கிறது.

செப்டம்பர் 5 என்றால் ஆசிரியர் நாள் என்றுதான் பிள்ளைகள் அறிவார்கள். அது வ.உ.சிதம்பரம் பிள்ளையின் பிறந்த நாளும் ஆகும். எனவே அவரைப் பற்றிப் பேசினேன். தன்முன்னேற்ற நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்த முன்னோடிகளுள் அவர் ஒருவர் என்பதையும், சிறையில் இருந்தபடியே அப்பணியைத் தொடங்கினார் என்பதையும் எடுத்துச் சொன்னேன். மனம் எவ்வாறோ வாழ்வும் அவ்வாறே என்று முடித்தபோது நல்ல கைதட்டல் எழுந்தது.

அதன்பிறகு, பிளஸ் ஒன் படிக்கும் மாணவி ஒருத்தி எழுந்து ஓர் ஐயம் கேட்டாள். அவளுடைய தாய் உப்பளத்தில் கூலி வேலை செய்பவர். விடியுமுன்பே எழுந்து பாத்திக்குப் போகிறவர். யாருக்கும் தீங்கு நினையாதவர். ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் மழை வந்தால் வேலை நின்றுவிடுகிறது, வீட்டில் கடன் ஏறிவிடுகிறது. அப்படியானால் தன் தாயின் மனத்தில்தான் ஏதேனும் குறை இருக்கிறதா என்பதே அவளுடைய கேள்வி.

பொருளியலில் முனைவர் பட்டம் பெற்று, முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பு நடத்திய எனக்கு உடனே விடை சொல்ல நா எழவில்லை. நல்ல கேள்வி என்று பாராட்டி அமர்ந்துவிட்டேன். அந்தக் கேள்வியை நான் முதன்முறையாக எதிர்கொள்ளவில்லை என்பதே என் தயக்கத்துக்குக் காரணம்.

நான் விரிவுரையாளராகச் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், இதே கடற்கரையிலிருந்து ஒரு மாணவன் வந்து படித்துக்கொண்டிருந்தான். ஓர் ஆண்டு கோடையில் பருவம் தப்பிய மழை பெய்து, விளைந்த உப்பு பாத்தியிலேயே கரைந்தது. தேர்வுக் கட்டணம் செலுத்த வழியில்லாமல் அவன் என்னிடம் வந்து நின்றான். நான் அவனுக்கு ஊக்கமூட்டும் சொற்கள் சிலவற்றைக் கூறி, வ.உ.சி.யின் 'மனம்போல வாழ்வு' நூலின் பிரதி ஒன்றைக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். இரு கைகளாலும் வாங்கிக்கொண்டான். அதன்பின் அவன் கல்லூரிக்கு வரவில்லை. அவனுக்கு மன உறுதி போதவில்லை என்று பல ஆண்டுகள் எண்ணியிருந்தேன். அந்தக் கட்டணம் என் மாதச் சம்பளத்தில் ஒரு சிறு பகுதிதான் என்பது அப்போது என் நினைவில் தோன்றவே இல்லை.

விழா முடிந்து வீடு திரும்பியதும் வ.உ.சி.யின் வாழ்க்கையை மீண்டும் தொடக்கத்திலிருந்து படித்தேன். நான் மேடையில் சொன்னது அவர் வாழ்வின் பாதியே என்பது புரிந்தது.

வ.உ.சி. 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5 அன்று ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தை உலகநாத பிள்ளை ஒரு வழக்கறிஞர். தாய் பரமாயி அம்மாள். தந்தையின் வழியிலேயே மகனும் சட்டம் படித்து வழக்கறிஞரானார். எளியவர்களின் வழக்குகளை எடுத்து நடத்துகிறவர் என்ற பெயர் விரைவிலேயே அவருக்கு ஏற்பட்டது. முதல் மனைவி வள்ளியம்மை இளம் வயதில் மறைந்தார். பின்னர் மீனாட்சி அம்மாளை மணந்தார். 1900-ஆம் ஆண்டளவில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

தூத்துக்குடியும் மரக்காணத்தைப் போலவே ஓர் உப்புக் கடற்கரைதான். ஆனால் அங்கே துறைமுகம் இருந்தது. கொழும்புக்குப் போகும் கப்பல் இருந்தது. தென் மாவட்டங்களின் வணிகமும், இலங்கைக்குப் பிழைக்கப் போகும் மக்களின் போக்குவரத்தும் அந்த ஒரு கடல் வழியை நம்பியிருந்தன. அந்த வழியில் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனமே கோலோச்சியது. கட்டணத்தை அது வைத்ததுதான் சட்டம். போட்டியற்ற சந்தையில் நுகர்வோர் படும் பாட்டை நாங்கள் வகுப்பறையில் வரைபடம் போட்டு விளக்குவோம், வ.உ.சி. அதைத் துறைமுகத்தில் நின்று கண்டார்.

வங்கப் பிரிவினையை ஒட்டி எழுந்த சுதேசி இயக்கம் அப்போது நாடெங்கும் பரவியிருந்தது. அந்நியத் துணியை விலக்குவது பலருக்கும் தோன்றிய வழி. அந்நியக் கப்பலுக்கு எதிராகச் சொந்தக் கப்பல் விடுவது வ.உ.சி.க்குத் தோன்றிய வழி. 1906-ஆம் ஆண்டு அக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. மூலதனம் பத்து லட்சம் ரூபாய். ஒரு பங்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவரானார்.

பங்கின் விலையை இத்தனை சிறிதாக வைத்ததில் ஒரு திட்டம் இருந்தது என்றே நான் கருதுகிறேன். செல்வர்கள் சிலரிடம் மட்டும் கையேந்தாமல், நடுத்தர வணிகரையும் ஓரளவு வசதியுள்ள குடியானவரையும் உரிமையாளராக்கும் திட்டம் அது. கப்பல் ஓட்டுவதோடு நிற்காமல், நம் நாட்டவருக்குக் கப்பல் தொழிலில் பயிற்சி அளிப்பதும், கப்பல் கட்டும் தளம் அமைப்பதும் நிறுவனத்தின் நோக்கங்களில் இடம்பெற்றிருந்தன.

முதலில் வாடகைக் கப்பல்களைக் கொண்டே சேவை தொடங்கியது. எதிரி நிறுவனத்தின் நெருக்குதலால் அந்தக் கப்பல்கள் விலக்கிக்கொள்ளப்பட்டன. சொந்தக் கப்பல் இல்லாமல் திரும்புவதில்லை என்ற உறுதியுடன் வ.உ.சி. பம்பாய்க்குப் புறப்பட்டார். 1907-ஆம் ஆண்டு மே மாதம் 'காலியா' என்ற கப்பல் தூத்துக்குடி வந்து சேர்ந்தது. அதில் 1,300 சாதாரணப் பயணிகளையும் 4,000 மூட்டைச் சரக்கையும் ஏற்றலாம். அடுத்து 'லாவோ' என்ற கப்பலும் வந்தது.

பிறகு நடந்தது கட்டணப் போர். எதிரி நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போனது. கடைசியில் கட்டணமின்றியே பயணிகளை ஏற்றிக்கொண்டு, கையில் ஒரு குடையும் கொடுத்ததாக வரலாற்று நூல்கள் பதிவு செய்கின்றன. இந்தியப் பெருங்கடல் முழுவதும் வழித்தடங்களை வைத்திருந்த நிறுவனத்துக்கு இது எளிது; தூத்துக்குடியில் இழந்ததைப் பிற துறைமுகங்களில் ஈட்டிக்கொள்ளலாம். ஒரே வழித்தடத்தை நம்பிய சிறு நிறுவனமோ, கப்பல் காலியாக ஓடினாலும் நிலக்கரிக்கும் மாலுமிக்கும் செலவழித்தே தீர வேண்டும். போட்டியாளரை ஒழிப்பதற்காக நட்டத்துக்கு விற்பதைப் பல நாடுகளின் சட்டங்கள் இன்று குற்றமாகக் கருதுகின்றன. அன்று அதைத் தடுக்கச் சட்டமும் இல்லை; அரசும் எதிரி நிறுவனத்தின் பக்கமே நின்றது.

வ.உ.சி.யின் கவனம் கப்பலோடு முடியவில்லை. தூத்துக்குடியில் ஆங்கிலேயருக்குச் சொந்தமான கோரல் ஆலைத் தொழிலாளர்கள் குறைந்த கூலிக்கு நெடுநேரம் உழைத்துவந்தனர். வார விடுமுறை என்பதும் அவர்களுக்கு இல்லை. 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி 27 அன்று அவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அதை வழிநடத்தினர். வேலையிழந்து நின்ற குடும்பங்களுக்கு ஊரார் உதவினர். மார்ச் முதல் வாரத்தின் முடிவில் நிர்வாகம் இறங்கிவந்தது, கோரிக்கைகள் ஏற்கப்பட்டன. தென்னிந்தியத் தொழிலாளர் வரலாற்றில் அது ஒரு மைல்கல்.

அந்த வெற்றி முடிந்த சில நாள்களிலேயே, மார்ச் 12 அன்று அவர் கைது செய்யப்பட்டார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். அரசுக்கு எதிராகப் பேசியதற்கு ஓர் ஆயுள் தண்டனை, சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு மற்றோர் ஆயுள் தண்டனை எனக் கூட்டினால் 40 ஆண்டு நாடுகடத்தல். தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் அவருடைய தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். அவர் இறுதிவரை மீளவே இல்லை. மேல்முறையீட்டில் தண்டனை ஆறு ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது.

கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்கும் செக்கில் வ.உ.சி. பூட்டப்பட்டார். அந்தச் செக்கு இன்று சென்னை கிண்டியில், காந்தி மண்டப வளாகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறது. 1910-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் கண்ணூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். வெளியே, அவர் இல்லாத நிறுவனம் நிலைகுலைந்து கலைக்கப்பட்டது. மக்கள் சேர்த்த பணத்தில் வாங்கிய கப்பல் விற்கப்பட்டது. அதுவும் எதிரி நிறுவனத்திடமே போய்ச் சேர்ந்தது. உடல் வருத்தத்தைவிட அந்தச் செய்தியே அவரை மிகுதியும் வருத்தியது என்பதை அவருடைய தன்வரலாற்றைப் படிப்பவர் உணரலாம்.

இந்தச் சிறைக்காலத்தில்தான் அவர் ஜேம்ஸ் ஆலனின் நூலைத் தமிழாக்கினார்.

ஜேம்ஸ் ஆலன் 1864-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்தவர். தந்தை பின்னலாடைத் தொழிலில் இருந்தார். தொழில் நொடித்துப்போக, பிழைப்புத் தேடி அமெரிக்கா சென்ற தந்தை அங்கேயே மாண்டுபோனார். பதினைந்து வயதில் ஆலன் பள்ளியை விட்டு ஆலை வேலைக்குப் போனார். 1903-இல் அவர் எழுதிய சிறு நூலின் தலைப்பு, மனிதன் எண்ணுவது எவ்வாறோ அவனும் அவ்வாறே எனப் பொருள்படும் விவிலியத்தின் நீதிமொழிகள் நூலிலிருந்து எடுக்கப்பட்டது. உலகெங்கும் இன்று விற்பனையாகும் தன்முன்னேற்ற நூல்களில் பெரும்பாலானவற்றுக்கு அது ஒரு தாய்நூல் என்றால் மிகையாகாது.

அதற்கு வ.உ.சி. இட்ட பெயர் 'மனம்போல வாழ்வு'. தமிழ்நாட்டுப் பாட்டிமார் வாழ்த்தும்போது இயல்பாகச் சொல்லக்கூடிய தொடர் அது. ஆலனின் மற்றொரு நூலுக்கு அவர் 'அகமே புறம்' என்று பெயரிட்டார். இதயத்திலிருந்து வெளிநோக்கி என்னும் பொருள்படும் ஆங்கிலத் தலைப்பை, தமிழ் இலக்கணம் வாழ்வைப் பகுத்த இரு சொற்களால் அவர் பிடித்துவிட்டார். 'வலிமைக்கு மார்க்கம்', 'சாந்திக்கு மார்க்கம்' ஆகிய ஆலன் நூல்களையும் பிற்காலத்தில் தமிழாக்கினார். கண்ணூர்ச் சிறையில் உடனிருந்த கைதிகளுக்கு அறம் உரைக்கும் நோக்கில் 'மெய்யறம்' என்ற நூலையும் இயற்றினார். திருக்குறளின் சாரத்தை எளிய வரிகளில் தரும் அந்நூல் 125 அதிகாரங்களைக் கொண்டது.

இங்கே நான் நெடுநேரம் நின்று யோசித்தேன். தான் செய்த குற்றத்தால் அன்றி, பிறர் செய்த அநீதியால் சிறைப்பட்ட ஒருவர், சூழ்நிலையை மனமே படைக்கிறது என்று கூறும் நூலை ஏன் தேர்ந்தெடுத்தார்? தம்பியின் மனம் உடைந்ததைக் கண்டவர், மனம் உடைந்தவர்கள் மீது பழி சுமத்தும் கருத்தை ஏற்றிருப்பாரா?

எனக்குத் தோன்றும் விடை இது. நிறுவனம், வருமானம், குடும்பம், உரிமை என எல்லாவற்றையும் பிறர் பறித்துக்கொண்ட நிலையில், அவருடைய ஆளுகையில் எஞ்சியிருந்தது மனம் ஒன்றே. அதைக் காத்துக்கொள்ள அந்நூல் அவருக்கு உதவியது. அதைத் தனக்குத் தானே கூறிக்கொள்ளும் மருந்தாக அவர் பயன்படுத்தினார். பிறரை அளக்கும் கோலாகப் பயன்படுத்தவில்லை. ஆலைத் தொழிலாளர்களிடம் அவர் சென்றபோது எண்ணத்தைத் திருத்திக்கொள்ளச் சொல்லவில்லை. கூலியை உயர்த்தப் போராடினார். இந்த வேறுபாட்டைத்தான் நான் என் மாணவனிடம் தவறவிட்டேன்.

1912-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆலன் இங்கிலாந்தில் காலமானார். அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று வ.உ.சி. கண்ணூர்ச் சிறையிலிருந்து விடுதலையானார். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஊரே திரண்டு கப்பலை வரவேற்ற காலம் போய், சிறை வாசலில் அவரை வரவேற்கப் பெருங்கூட்டம் எதுவும் வரவில்லை.

அடுத்த ஆண்டுகள் சிறையைவிடக் கொடியவை என்று சொல்லத் தோன்றுகிறது. வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. சென்னையில் குடும்பத்தோடு வாடகை வீடுகளில் வாழ்ந்துகொண்டு, அரிசி வியாபாரம் உள்ளிட்ட சிறு தொழில்களில் ஈடுபட்டார். கேட்டவர்க்கெல்லாம் கொடுத்துப் பழகிய கைக்குச் சில்லறை வியாபாரம் வசப்படவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்காகத் திரட்டிய பணம் காந்தியடிகள் வழியாக வர வேண்டியிருந்தது. 1915-இல் தொடங்கிப் பல மாதங்கள் கடிதப் போக்குவரத்து நடந்து, முடிவில் 347 ரூபாய் 12 அணா வந்து சேர்ந்தது. ஒரு காலத்தில் பத்து லட்சம் ரூபாய் மூலதனத்துக்குத் திட்டமிட்டவர் அந்தத் தொகைக்காகக் காத்திருந்தார்.

ஆயினும் அவருடைய மேசை சும்மா இருக்கவில்லை. 'அகமே புறம்', 'மெய்யறம்' ஆகியவை 1914-இல் வெளிவந்தன. திருக்குறளுக்கு மணக்குடவர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையைத் தேடிப் பதிப்பித்ததில் எஸ். வையாபுரிப் பிள்ளையின் ஒத்துழைப்பும் அவருக்குக் கிட்டியது. சென்னையிலும் கோவையிலும் தொழிற்சங்கப் பணிகளிலும் ஈடுபட்டார். 1920-இல் ஒத்துழையாமைத் திட்டத்தோடு கருத்து மாறுபட்டுக் காங்கிரசிலிருந்து ஒதுங்கினார். பின்னர் 1927-இல் சேலம் மாநாட்டுக்குத் தலைமை ஏற்றார்.

வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் நல்லெண்ணத்தால் அவருக்கு உரிமம் திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியை மறவாமல் தம் மகன் ஒருவனுக்கு வாலேசுவரன் எனப் பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்து அனைத்தையும் இழந்தவர், ஆங்கிலேயர் ஒருவரின் பெயரைத் தம் வீட்டில் நாள்தோறும் அழைக்கும் பெயராக்கினார். பகைமை ஆட்சியோடுதான், மனிதரோடு இல்லை என்னும் தெளிவு அவருக்கு இருந்தது. கோவில்பட்டியில் சில ஆண்டுகள் வழக்காடினார். வருவாய் பெரிதாக இல்லை. 1930-களின் தொடக்கத்தில் தூத்துக்குடிக்கே திரும்பினார்.

1936-ஆம் ஆண்டு நவம்பர் 18 அன்று, தாம் விரும்பியபடியே தூத்துக்குடி காங்கிரஸ் அலுவலகத்தில் அவர் உயிர் பிரிந்தது. இறுதி நாள்களில் எழுதச் செய்த உயிலில், கடைக்காரர்களுக்குத் தர வேண்டிய சிறு கடன்களையும் விடாமல் குறித்திருந்தார். பிறர் பணம் ஒரு காசும் தம்மோடு போய்விடக் கூடாது என்ற கவலை அது.

அதே 1936-இல்தான் அமெரிக்காவில் டேல் கார்னகியின் புகழ்பெற்ற நூல் வெளிவந்தது; நண்பர்களைப் பெறுவதும் மக்களைத் தம் வசப்படுத்துவதும் எப்படி என்று அது கற்பித்தது. மறு ஆண்டு நெப்போலியன் ஹில்லின், எண்ணித் துணிந்தால் செல்வம் சேரும் என்னும் கருத்துடைய நூல் வந்தது. நாஜி முகாமில் வதைபட்டு மீண்ட விக்டர் பிராங்கல், 1946-இல் வாழ்வின் பொருளைப் பற்றித் தம் நூலை வெளியிட்டார். தமிழில் எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' ஒரு தலைமுறைக்கே தெம்பூட்டியது. இந்த நூல்களை நான் இகழவில்லை. சோர்ந்தவனை எழுப்பும் சொல்லுக்கு ஒரு மதிப்பு உண்டு. ஆனால் இவ்வகை நூல்கள் பெருகப் பெருக, அகம் மட்டுமே மிஞ்சிப் புறம் மறைந்துவிட்டது. தோற்றவர் ஏன் தோற்றார் என்று கேட்டால் அவரையே சுட்டிக்காட்டும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது.

இதற்கு எதிரான சான்று ஒன்று எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலிருந்தே உலகத்துக்குக் கிடைத்தது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நால்வர் விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரங்களின் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் ஓர் ஆய்வு நடத்தி, 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டனர். அறுவடைக்கு முன், கையில் பணமில்லாத நிலையில் ஒரு முறையும், அறுவடை முடிந்து பணம் வந்தபின் ஒரு முறையும் அதே விவசாயிகளுக்குச் சிந்தனைத் திறன் சோதனைகள் வைக்கப்பட்டன. பணமுடை இருந்தபோது அவர்கள் பெற்ற மதிப்பு குறைவாகவும், முடை தீர்ந்தபின் கூடுதலாகவும் இருந்தது. ஆள் அதே ஆள், மாறியது கையிருப்பு. கவலை மனத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டால், மற்றவற்றைச் சிந்திக்க மீதி இடம் குறைந்துபோகிறது என்பது அவர்களின் முடிவு.

மனம்போல வாழ்வு என்பது உண்மை. வாழ்வுபோல மனம் என்பதும் அதற்குக் குறையாத உண்மை. என்னிடம் வந்து நின்ற மாணவனின் மனம் அன்று எப்படி இருந்திருக்கும் என்பதை, இந்த ஆய்வைப் படித்த நாளில்தான் எண்ணிப் பார்த்தேன்.

வ.உ.சி.யின் வாழ்க்கை இந்த இரண்டு உண்மைகளையும் ஒரு சேரத் தாங்கி நிற்கிறது. நாமோ செக்கை மட்டும் எடுத்துக் காட்சிக்கு வைத்துக்கொண்டோம். துன்பத்தைத் தாங்கிய திறனுக்கு அவரை உவமை ஆக்கினோம். ஆனால் அவர் தலைவரானது துன்பத்தைத் தாங்கியதால் மட்டும் அன்று. 25 ரூபாய்ப் பங்கு என்ற கணக்கைப் போட்டதால். கப்பல் தொழில் கற்பிக்க இடம் வேண்டும் என்று எண்ணியதால். ஆலைத் தொழிலாளியின் வார விடுமுறைக்காக வாதாடியதால். தனிமனிதரின் உறுதி மழையில் கரையாதிருக்க நிறுவனம் என்னும் வரப்பு வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். அந்த வரப்பை உடைத்தது அவருடைய மனக்குறை அன்று, ஏகபோகமும் அடக்குமுறையும். நம்முடைய மறதி அதன்பிறகு சேர்ந்துகொண்டது.

மரக்காணம் உப்பளங்களைப் பார்த்தாலே இது விளங்கும். 2024-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, இந்த உப்பளங்கள் வெள்ளக்காடாயின. நீர் வடிந்ததும் தொழிலாளர்கள் சேற்றில் இறங்கி வரப்பைக் கட்டினார்கள், பாத்தியை மிதித்துச் சமன் செய்தார்கள். ஆண்டுதோறும் மழைக்குப் பின் அவர்கள் செய்யும் வேலைதான் அது. வீழ்ந்தபின் எழுவது எப்படி என்று அவர்களுக்குக் கற்பிக்க எந்த நூலுக்கும் தகுதியில்லை. வேலையில்லா மாதங்களுக்கு நிறைவான உதவித்தொகை, பிள்ளைகளின் படிப்புக்கு உறுதி, தங்கள் உப்புக்கும் உழைப்புக்கும் நியாயமான விலை ஆகியவையே அவர்களுக்குத் தேவை. இவை மனத்திலிருந்து விளைவன அல்ல. சட்டத்திலிருந்தும் கூட்டுறவிலிருந்தும் சங்கத்திலிருந்தும் விளைவன.

விழா முடிந்த மறு வாரம் அந்தப் பள்ளிக்கு மீண்டும் சென்றேன். தலைமையாசிரியரின் இசைவோடு அந்த மாணவியின் வகுப்பில் சிறிது நேரம் பேசினேன். அவளுடைய தாயின் மனத்தில் குறை ஏதும் இல்லை என்பதை எல்லார் முன்னிலையிலும் சொன்னேன். அன்று மேடையில் நான் பாதியைத்தான் சொன்னேன் என்பதையும் ஒப்புக்கொண்டேன். கப்பல் நிறுவனத்தின் கணக்கையும், கட்டணப் போரையும், ஆலை வேலைநிறுத்தத்தையும் கரும்பலகையில் எழுதி விளக்கினேன். பிள்ளைகள் நிறையக் கேள்விகள் கேட்டார்கள். குடை கொடுத்த கதைதான் அவர்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. குடைக்கான பணத்தை முடிவில் யார் கொடுத்தார்கள் என்று ஒரு சிறுவன் கேட்டான். பொருளியல் வகுப்பில் அதைவிடச் சிறந்த கேள்வியை நான் கேட்டதில்லை.

பள்ளி நூலகத்துக்கு 'மனம்போல வாழ்வு' பிரதிகள் சிலவற்றை அளித்தேன். தேர்வுக் கட்டணத்துக்கு இடர்ப்படும் மாணவர்களுக்கென ஒரு சிறு தொகையையும் தலைமையாசிரியரிடம் ஒப்படைத்திருக்கிறேன். முதலில் கட்டணம், பிறகு புத்தகம் என்பதே நான் விதித்த ஒரே நிபந்தனை. இந்த வரிசையைக் கற்க எனக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).